சாபமும் சாட்சியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



காதலில் வஞ்சகம் நுழையுமாயின் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்னும் வினாவை, நாம் அனைவரும் அறிந்த நாடகம் ஒன்றின் வழியே எழுப்ப விரும்புகின்றேன். அது காளிதாசனின் சாகுந்தலம். 1789ஆம் ஆண்டில் வில்லியம் ஜோன்சின் ஆங்கில மொழிபெயர்ப்பால் ஐரோப்பாவையும், 1907இல் மறைமலையடிகளின் மொழிபெயர்ப்பால் தமிழ் நெஞ்சங்களையும் சென்றடைந்த நாடகம் அது. 1940இல் எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் நடிக்க, அக்கதை தமிழில் திரைப்படமாகவும் வந்தது.

கதை தாங்கள் அறிந்ததே. வேட்டைக்கு வந்த துஷ்யந்தன், கண்வர் ஊரில் இல்லாத வேளையில் அவருடைய வளர்ப்பு மகளைக் காந்தருவ முறையில் மணந்து, கணையாழி தந்து தலைநகர் திரும்புகின்றான். அவன் நினைவில் ஆழ்ந்து, வந்த துர்வாசரை வரவேற்க மறந்த சகுந்தலையை, அவள் யாரை நினைத்திருந்தாளோ அவன் அவளை மறக்குமாறு முனிவர் சபிக்கின்றார். அடையாள அணியைக் கண்டால் சாபம் நீங்கும் என்பது பின்னர் அவர் இரங்கிச் சொன்னது. ஆனால் கணையாழியோ நீரில் வீழ்கின்றது. கருவுற்று அரசவைக்கு வந்து நின்றவளை அறியேன் என்கின்றான் அரசன்.

இக்கதையின் மூலம் மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் உள்ளது. அங்கே சாபமும் இல்லை, கணையாழியும் இல்லை. மகனோடு வந்து நிற்கும் சகுந்தலையை அரசன் நன்கு அறிந்திருந்தும் மறுக்கின்றான். அவள் அவையில் அஞ்சாது நின்று வாய்மையின் பெருமையை எடுத்துரைக்கின்றாள். வானொலி எழுந்த பின்னரே, உன் சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் உலகம் ஐயுற்றிருக்கும் என்று அவன் காரணம் கூறுகின்றான்.

நாடகத் தலைவனின் மாண்பைக் காக்கவே காளிதாசன் சாபத்தைப் படைத்தான் என்பர் அறிஞர். அது ஏற்கத்தக்கதே. ஆயினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சாபம் நான்காம் அங்கத்தின் தொடக்கத்தில்தான் வருகின்றது. அதற்கு முந்தைய மூன்று அங்கங்களில் அரசன் செய்தவற்றிற்குச் சாபத்தைப் பொறுப்பாக்க இயலாது.

முதல் அங்கத்தில் அவன் மரத்தின் மறைவில் நின்று பெண்களின் உரையாடலைக் கேட்கின்றான். வெளிப்பட்ட பின்னும் தன்னை அரசன் என்று கூறாமல், அறங்காக்க அரசனால் அமர்த்தப்பட்ட அலுவலன் என்கின்றான். கணையாழியிலுள்ள பெயரைத் தோழியர் படித்து வியந்தபோது, அது அரசன் தந்த பரிசு என்று மழுப்புகின்றான். காதலின் தொடக்கத்தில் இவை இனிய விளையாட்டாகவே தோன்றும். அரங்கில் காண்போரும் நகைத்து மகிழ்வர்.

இரண்டாம் அங்கத்தில்தான் வினை முளைக்கின்றது. தன் காதலை விதூடகன் மாதவ்யனிடம் மனந்திறந்து உரைத்த அரசன், அவனைத் தலைநகருக்கு அனுப்பும்போது, இவன் அந்தப்புரத்தில் உளறிவிடுவானோ என்று அஞ்சி, நான் சொன்னதெல்லாம் வேடிக்கைப் பேச்சு, மெய்யென்று கொள்ளாதே என்கின்றான். மாதவ்யனும் நம்பிவிடுகின்றான். இச்சிறு பொய்யின் விளைவை ஆறாம் அங்கத்தில் காண்கின்றோம். நினைவு திரும்பிய அரசன், நான் மறந்தேன், நீயுமா மறந்தாய், ஏன் அவள் பெயரையே எடுக்கவில்லை என்று நண்பனைக் கேட்கின்றான். நான் மறக்கவில்லை, எல்லாம் வேடிக்கை என்று நீதானே சொன்னாய் என்பது நண்பனின் விடை.

அவையோரே, இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். அரசனின் நினைவைப் பறித்தது சாபம். ஆனால் அரண்மனையில் அக்காதலை அறிந்திருந்த ஒரே சாட்சியை வாயடைத்தவன் அரசன். அதுவும் முழு நினைவோடு, தன் வசதிக்காகச் செய்தான். அந்தப் பொய் இல்லையேல் சாபத்தின் வலிமை எவ்வளவு நாள் நின்றிருக்கும்?

ஐந்தாம் அங்கமும் இதையே உறுதி செய்கின்றது. சகுந்தலை அவைக்கு வருமுன் அம்சபதிகை என்னும் அரசியின் பாடல் கேட்கின்றது. ஒருகாலத்தில் காதலித்துப் பின் மறந்த பெண்ணின் முறையீடு அது. அவளை மறப்பதற்கு எந்த முனிவரும் சபிக்கவில்லை! அவளை ஆற்றிவர மாதவ்யனை அனுப்பிவிடுகின்றான் அரசன். அதனால் சாட்சி அவையிலும் இல்லாது போகின்றான். பின்னர்ச் சகுந்தலை பழைய நிகழ்ச்சிகளைச் சொல்லச் சொல்ல, பெண்களுக்கு வஞ்சகம் இயல்பு என்று குயிலை உவமை காட்டுகின்றான். மறதியைச் சாபம் தந்தது; இந்த ஏளனத்தை யார் தந்தது? ஏமாற்றியவனே ஏமாற்றப்பட்டவளை வஞ்சகி என்பது, இன்றும் நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் கேட்கும் குரல் அல்லவா?

தமிழ் மரபு இச்சிக்கலை நன்கு அறிந்திருந்தது. களவைக் காந்தருவத்தோடு ஒப்பிட்ட தொல்காப்பியர், காதலில் பொய் புகுந்த பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டதாகக் கூறுகின்றார். குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலரின் தலைவி, தான் மணந்த அன்று வேறு எவரும் இல்லை, மீன் பார்த்து நின்ற குருகு மட்டுமே உண்டு என்று கலங்குகின்றாள். அகநானூறு 256ஆம் பாடலிலோ, கள்ளூரில் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்துவிட்டு அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தவனை, அவையத்தார் சாட்சிகளை வினவி, மரத்தில் பிணித்து, தலையில் நீற்றைக் கொட்டினர் என்னும் செய்தி வருகின்றது. அங்கே அவை பொறுப்பேற்றது. துஷ்யந்தனின் அவையில் நீதி வழங்க வேண்டியவனே குற்றம் சாட்டப்பட்டவன். உடன் வந்த முனிவரும் அவளையே கடிந்து, விட்டுச் செல்கின்றனர்.

ஏழாம் அங்கத்தில் அரசன் அவள் காலில் விழுகின்றான். அவளோ தன் பழவினையையே நொந்துகொள்கின்றாள். மாரீசர் சாபத்தை விளக்கியதும், பழியினின்று விடுபட்டேன் என்று அரசன் மகிழ்கின்றான். அந்த வருத்தம் பொய்யன்று. ஆனால் சாபத்திற்கு முந்தைய பொய்களைப் பற்றி அவன் இறுதிவரை ஒரு சொல்லும் கூறவில்லை. மறந்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது, மறைத்ததற்குக் கிடைக்கவில்லை. காளிதாசன் தன் தலைவனைக் காத்தான்; எனினும் கூர்ந்து நோக்குவார்க்கு உண்மையை மூன்று அங்கங்களில் விட்டுவைத்தான். அது பெருங்கவிஞனின் நேர்மை என்பேன்.

கவிஞர்களே, இன்றைய கவிதையிலும் நாடகத்திலும் துர்வாசர் வேறு பெயர்களில் வருகின்றார். விதி, சூழ்நிலை, குடும்பம், வயது என்று நாம் அவரை அழைக்கின்றோம். கைவிட்டவனுக்கு அழகிய காரணம் ஒன்றைத் தேடித் தருவது நம் எழுத்துக்கு எளிது. காரணத்தை எழுதுங்கள், வேண்டாம் என்னவில்லை. ஆனால் அக்காரணம் பிறப்பதற்கு முன் அவன் சொன்ன முதற்பொய்யையும் எழுதுங்கள். குருகு பேசாது. அதன் இடத்தில் நின்று பேசுவதற்கே கவிஞர் இருக்கின்றார்.