ஐயத்தை அளந்த அறிவு



அறிவியல் என்றதும் அணுகுண்டையும் விண்கலத்தையும் எண்ணுவோரே மிகுதி. கருவியைக் கண்டு வியப்பது எளிது. அக்கருவிக்குப் பின்னே நிற்கும் எண்ணத்தைத் தொடர்ந்து செல்வதே அரிது. இன்றைய பொழிவு அத்தகைய ஓர் எண்ணத்தைப் பற்றியது. ஒன்றோடொன்று உறவுற்ற இரண்டு துகள்கள் பிரிந்து நெடுந்தொலைவு சென்றபின், அவை இரண்டு தனிப்பொருள்களா? அன்றி, இன்னும் ஒன்றேதானா? 1935-இல் எழுந்த இவ்வினாவை வீண்வினா என்று ஒதுக்கியோர் பலர். எண்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 2022-இல், அவ்வினாவிற்கு விடை கண்டோர்க்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. வீண்வினா எனப்பட்டது எவ்வாறு விழுமிய வினாவாயிற்று என்பதில் தமிழர்க்கு ஒரு பாடம் உண்டு.

முதற்கண் சொல்லைத் தெளிதல் வேண்டும். 1900-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் மாக்சு பிளாங்கு, ஒளியும் வெப்பமுமாகிய ஆற்றல், ஒழுகும் நீர்போல் இடையறாது செல்லாமல், துளிதுளியாகவே கொடுக்கவும் கொள்ளவும் படுவதாகக் கொண்டாலன்றிக் கணக்கு ஒத்துவராது என்று கண்டார். அத்துளிக்குக் 'குவாண்டம்' என்னும் இலத்தீன் பெயர் வாய்த்தது. 'எவ்வளவு' என்பதே அச்சொல்லின் பொருள். தமிழில் அதனைத் துளிமம் என்க. அணு, அணுவினுள் உறையும் எதிர்மின்னி, ஒளித்துகள் ஆகியவற்றின் இயல்பை ஆயும் துறை துளிமவியல்.

எதிர்மின்னிக்கு மின்மம் இருப்பதுபோலவே தற்சுழற்சி என்னும் பண்பும் உண்டு. அதனை எத்திசையில் வைத்து அளந்தாலும் 'மேல்', 'கீழ்' என்னும் இரண்டு விடைகளுள் ஒன்றே கிட்டும். இரண்டு எதிர்மின்னிகளை, ஒரே திசையில் அளக்கும்போதெல்லாம் ஒன்று மேல் என்றால் மற்றொன்று கீழ் என்னுமாறு இணைக்க இயலும். எது மேல், எது கீழ் என்பதை அளக்குமுன் எவரும் கூறவியலாது. துளிமவியல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அளக்குமுன் அவ்விடை அத்துகளிடத்தில் இல்லவே இல்லை. இணைக்கு நிலை உண்டு, தனித்துகளுக்குத் தனக்கென வரையறுத்த நிலை இல்லை என்கிறது.

ஐன்சுடீனால் இதனை ஏற்க முடியவில்லை. இட்லரின் கொடுங்கோன்மையால் செருமனியைத் துறந்து அமெரிக்க நாட்டுப் பிரின்சுடனில் வாழ்ந்த அவர், போதோல்சுகி, உரோசன் ஆகிய இருவரோடு சேர்ந்து 1935-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். துளிமவியல் தவறு என்று அவர்கள் கூறவில்லை. அது நிறைவுறாதது என்றனர். அக்கருத்தை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் இணைக் காலணியைப் பிரித்து, இரண்டு பெட்டிகளில் இட்டு, ஒன்றைக் கிழக்கேயும் மற்றொன்றை மேற்கேயும் அனுப்புக. கிழக்கே பெட்டியைத் திறந்தவன் இடக்காலணியைக் கண்டால், மேற்கே சென்றது வலக்காலணி என்று அக்கணமே அறிவான். இதில் வியப்பு ஏதுமில்லை. பெட்டியை மூடும்போதே அது முடிந்துபோன செய்தி. துகள்களும் அத்தகையனவே, அவை தம் விடைகளைத் தம்முடனேயே கொண்டு செல்கின்றன, அதனைக் கூறாத கோட்பாடு குறையுடையது. இதுவே ஐன்சுடீன் கொள்கை. அதே ஆண்டில் நீல்சு போர் மறுப்பெழுதினார். இருபெரும் அறிஞர் கருத்தால் மோதினர். இடையே தீர்ப்பளிக்க ஓர் ஆய்வும் இல்லை.

அவ்வாண்டில்தான் ஆசுதிரிய அறிஞர் சுரோடிங்கர் இந்நிலைக்கு ஒரு பெயரிட்டார். இலத்தீனையோ கிரேக்கத்தையோ அவர் நாடவில்லை. செருமானிய மக்கள் கைகளைக் குறுக்கே கோத்து மார்பில் கட்டுவதற்கு நாள்தோறும் வழங்கும் சொல்லினின்றே 'பெர்சுரேங்குங்' என்னும் பெயரை எடுத்தார். வீட்டுச்சொல் ஒன்று உலகின் மிக நுண்ணிய கோட்பாட்டிற்குப் பெயராயிற்று! ஆங்கிலத்தில் எழுதியபோதும் அம்மொழியின் எளிய சொல்லொன்றையே ஆண்டார். அவ்வாங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துச் 'சிக்கல்' என்பார் உளர். அது பொருந்தாது. சிக்கலில் ஒழுங்கில்லை, இங்கோ ஒழுங்கு உண்டு. ஆகவே பின்னல் என்பதே தக்கது. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. கூந்தற் பின்னலில் ஒவ்வோர் இழையும் தனித்தே உளது. துளிமப் பின்னலிலோ இழைக்குத் தனி நிலை இல்லை. சொல் வாயிலைக் காட்டும். உள்ளே செல்வது அறிவின் கடமை.

சொல் பிறந்தது 1935-இல். எண் பிறக்க மேலும் இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அயர்லாந்துத் தீவின் பெல்பாசுட்டு நகரில் எளிய குடும்பத்தில் பிறந்த சான் பெல், பல்கலைக்கழகத்தில் மாணவராகுமுன் அங்கேயே ஆய்வகப் பணியாளராக இருந்தவர். பிற்காலத்தில் செனீவாவை அடுத்த அணுவாய்வு நடுவமாகிய செர்னில் பணியாற்றினார். மின்மத் துகள்களை முடுக்கும் பொறிகளும் துகள் கோட்பாடும் அவர்தம் அன்றாடப் பணி. பிறர் கைவிட்ட வினாவை அவர் கைவிடவில்லை. 1964-இல் வெளிவந்த அவருடைய சிறு கட்டுரை, ஐன்சுடீன் கொள்கையையும் துளிமவியலையும் எண்ணால் பிரித்தறியலாம் என்று காட்டிற்று. அவ்வரம்பை ஆய்வகத்திற்கேற்ற வடிவில் கிளவுசர், ஓர்ன், சிமோனி, ஓல்ட்டு ஆகிய நால்வர் 1969-இல் அமைத்தனர்.

அக்கணக்கு, கூட்டலும் கழித்தலும் அறிந்த எவருக்கும் விளங்கும். அளக்கும் திசையை ஒரு வினா என்று கொள்க. இடப்பக்கத் துகளுக்கு இரண்டு வினாக்கள். வலப்பக்கத் துகளுக்கு இரண்டு வினாக்கள். விடை மேல் என்றால் +1. கீழ் என்றால் -1. நான்கு விடைகளும் முன்னரே எழுதப்பட்டுள்ளன என்க. வலப்பக்க விடைகள் இரண்டையும் கூட்டி, இடப்பக்க முதல் விடையால் பெருக்குக. பின்னர் வலப்பக்க விடைகளுள் ஒன்றினின்று மற்றொன்றைக் கழித்து, இடப்பக்க இரண்டாம் விடையால் பெருக்குக. வந்த இரண்டையும் கூட்டுக. வலப்பக்க விடைகள் ஒத்திருந்தால் கழித்தல் சுழியாகும். மாறுபட்டிருந்தால் கூட்டல் சுழியாகும். எனவே எஞ்சுவது +2 அல்லது -2 மட்டுமே. ஓர் இணையிடம் பக்கத்திற்கு ஒரு வினாவே கேட்கவியலும். ஆதலால் பல்லாயிரம் இணைகளை ஆய்ந்து சராசரி காண்பர். முன்னெழுதிய விடைகளாயின், எத்துணை இணைகளை ஆய்ந்தாலும் அச்சராசரி 2-ஐத் தாண்டாது. துளிமவியலோ, திசைகளைத் தக்கவாறு தேர்ந்தால் அது ஏறத்தாழ 2.83 வரை உயரும் என்கிறது. இரண்டுக்கும் இடையே நடுநிலை இல்லை. இயற்கையே விடை கூறல் வேண்டும்.

1972-இல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் கிளவுசரும் பிரீடுமனும் சுண்ணகம் எனப்படும் கால்சிய அணுக்களினின்று இணையிணையாக வெளிப்பட்ட ஒளித்துகள்களை அளந்தனர். கிளவுசர், ஐன்சுடீன் பக்கமே உண்மை இருக்கும் என்று எதிர்பார்த்தவர். ஆய்வின் முடிவு அவர் எதிர்பார்ப்புக்கு மாறாக நின்றது, வரம்பு மீறப்பட்டது. தம் விருப்பத்தை வீழ்த்திய முடிவை அவரே உலகிற்கு அறிவித்தார். அறிவியல் நேர்மை என்பது இதுவன்றோ?

ஆயினும் ஐயம் முற்றும் நீங்கவில்லை. ஒரு பக்கத்து வினா மறுபக்கத்துத் துகளுக்கு எவ்வாறேனும் எட்டியிருக்கலாம் அன்றோ? 1982-இல் பாரிசு நகரை அடுத்த ஓர்சேயில் ஆசுபேயும் அவர் துணைவரும், துகள்கள் பறந்து செல்லும்போதே வினாக்கள் மாறிக்கொண்டிருக்குமாறு கருவியமைத்தனர். செய்தி கொண்டு செல்ல ஒளிக்குக்கூட நேரமில்லை. அப்போதும் வரம்பு மீறப்பட்டது. இரண்டாவது ஐயம் எஞ்சிற்று. ஒளித்துகள்களுள் பெரும்பாலானவை கருவியில் அகப்படாமல் தப்பின. அகப்பட்ட சில, தப்பிய பலவற்றின் இயல்பைக் காட்டும் என்பதற்கு என்ன உறுதி?

இவ்விடத்தில்தான் மின்மத் துகள்கள் துணைக்கு வந்தன. ஓர் அணு ஓர் எதிர்மின்னியை இழந்தால் நேர்மின்மம் பெறுகிறது. நூல்கள் அதனை அயனி என்னும். மின்மம் உடையதை மின்புலத்தால் பிடித்து நிறுத்தலாம். நிலையான மின்புலத்தால் மட்டும் இயலாது. விரைந்து ஊசலாடும் மின்புலம் வேண்டும். அத்தகைய பொறியைச் செருமானியர் வுல்பாங்கு பால் 1950-களில் அமைத்தார். 1989-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பொறியினுள் இரண்டு அயனிகள் நின்றால், ஒத்த மின்மம் ஒன்றையொன்று தள்ளும். ஆதலால் ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் அசையும். அப்பொது அசைவையே பாலமாக்கி, சீரொளிக் கற்றையால் அயனிகளின் உள்நிலைகளைப் பின்னலாம் என்று 1995-இல் சிராக்கு, சோலர் இருவரும் வழி கூறினர். அமெரிக்காவின் போல்டர் நகரில் வைன்லாண்டு குழுவினர், 2001-இல், இரண்டு பெரிலிய அயனிகளைப் பின்னி, ஒன்றும் தப்பாமல் ஒவ்வோர் ஆய்விலும் விடை பெற்றனர். கிடைத்த எண் 2.25. இரண்டாவது ஐயம் வீழ்ந்தது. எனினும் அவ்வயனிகள் மிக அருகருகே நின்றமையால் முதல் ஐயம் அங்கே தலைகாட்டிற்று.

இரண்டு ஐயங்களையும் ஒருசேர வீழ்த்திய ஆய்வு 2015-இல் நெதர்லாந்தின் தெல்பு நகரில் நிகழ்ந்தது. 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வயிரக் கற்கள்; ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்மின்னி. ஒவ்வோர் எதிர்மின்னியும் தன்னோடு பின்னப்பட்ட ஓர் ஒளித்துகளை அனுப்பிற்று. அவ்வொளித்துகள்கள் இடையில் ஓரிடத்தில் கூடிய வகையால், ஒருகாலும் தம்முட் சந்தித்திராத அவ்வெதிர்மின்னிகள் பின்னலுற்றன. 245 முறை அளந்தனர். கிடைத்த எண் 2.42. அதே ஆண்டில் வியன்னாவிலும் போல்டரிலும் ஒளித்துகள்களைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகளும் அதனையே உறுதிப்படுத்தின. 2022-இன் பரிசு கிளவுசர், ஆசுபே, வியன்னாவின் சைலிங்கர் ஆகிய மூவர்க்கும் உரியதாயிற்று. பெல் 1990-இலேயே மறைந்துவிட்டார்.

இதனால் ஒளியை விஞ்சிய விரைவில் செய்தி அனுப்பலாமா? இயலாது. ஒரு பக்கத்தில் மட்டும் நின்று காண்பவனுக்கு மேலும் கீழும் பாதிப்பாதியாய், ஒழுங்கின்றியே தோன்றும். இரு பக்கத்துக் குறிப்புகளையும் பழைய வழியில் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் பின்னல் புலனாகும். ஆகவே, தொலைவிலிருந்து நோய் தீர்ப்பதாகவும், கோள்கள் மாந்தர் வாழ்வோடு பின்னப்பட்டுள்ளதாகவும், துளிமவியலின் பெயரைச் சொல்லிப் பொருள் பறிப்போரை நம்பற்க. அவர்களுக்கு அச்சொல் தெரியும், எண் தெரியாது.

வடமொழி நூல்களில் இஃது அன்றே உளது என்று கூறுவோரை நகைக்கும் தமிழர், அதே பிழையைத் தாமும் செய்தலாகாது. பழந்தமிழ்ப் பாட்டொன்றை எடுத்து, துளிமப் பின்னலை முன்னோர் கண்டனர் என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிட்டும், அறிவு கிட்டாது. 2-க்கும் 2.83-க்கும் உள்ள வேறுபாட்டைக் கூறாத எப்பாட்டும் பெல்லின் கண்டுபிடிப்பு ஆகாது. தமிழின் பெருமைக்குப் பொய்ச்சான்று தேவையில்லை. முன்னோரை மதிப்பது, அவர்கள் காணாததைக் கண்டதாகக் கூறுவதன்று. அவர்கள் தந்த மொழியால் புதியதைக் காண்பதே.

தமிழால் உயர்ந்த அறிவியலைக் கூறவியலுமா என்று கேட்போர் இன்றும் உளர். 2 என்னும் அவ்வரம்பு தோன்றும் வகை இங்கே தமிழிலேயே கூறப்பட்டது. கணக்கு இடையில் நிற்கவில்லை. சுரோடிங்கர்க்குத் தம் தாய்மொழியின் வீட்டுச்சொல் போதுமானதாயிருந்தது. தமிழ் மாணவனோ, பொருள் விளங்காத அயற்சொல்லை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டிவிட்டு மறந்துபோகிறான். வினா தன் மொழியில் எழாதவனுக்கு ஐயமும் எழாது; ஐயம் எழாத இடத்தில் ஆய்வும் எழாது.

ஆதலின் தமிழிளைஞர்காள்! கலைச்சொல் ஆக்குவதோடு பணி முடிந்ததென்று அமைதியுறாதீர். சொல் ஆக்குக, அச்சொல்லைக் கொண்டு வினவுக, வினவியதை எண்ணால் அளக்குக. அளந்த முடிவு தம் விருப்பத்திற்கு மாறாயினும், கிளவுசர்போல் தலைவணங்கி ஏற்குக. அந்நாளே தமிழ் அறிவியல் மொழியாகும் நாள்.

வெல்க தமிழ்! வளர்க அறிவு!