சேற்றோடு மல்லுக்கட்டாமல்



தென்மேல் பருவப் பெயர்ச்சி மழை தொடங்கிவிட்டால் கொழும்பின் பாமன்கடைப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் பாடு உங்களுக்குத் தெரியும். வெள்ளம் தேங்கிய ஒழுங்கையில் எந்தக் குழி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடித்தான் போக வேண்டும். மழை விடுமட்டும் கடை வாசலில் ஒதுங்கி நிற்பவர்களே அதிகம். இதற்கு நேர்மாறாக, மழை எப்போது வரும் என்று காத்திருந்து, வேண்டுமென்றே வண்டியைச் சேற்றுக்குள் இறக்குகிறவர்களும் நம் இலங்கையில் இருக்கிறார்கள். டர்ட் பைக் ஓட்டுகிறவர்கள். இன்றைய உரை அவர்களுடைய வித்தையைப் பற்றியது.

மோட்டோ குரொஸ் என்கிற டர்ட் பைக் பந்தயம் 1924இல் இங்கிலாந்தின் கம்பர்லியில் தொடங்கியதாகச் சொல்வார்கள். நம் நாட்டில் இதை வளர்த்ததில் படையினருக்குப் பெரிய பங்கு உண்டு. அனுராதபுரம் சாலியபுரவில் கஜபா படையணியின் சூப்பர் குரொஸ், தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில், சீகிரியாவில் விமானப்படையின் ரெலி குரொஸ் என்று பெயர்பெற்ற போட்டிகள் பலவும் படை முகாம்களை அண்டியே நடந்து வந்திருக்கின்றன. அனுராதபுரப் பக்கத்துச் செம்மண் காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் பசையாக ஒட்டும். ஒரே மைதானம் காலையில் புழுதியாகவும் பின்னேரம் சுரியாகவும் மாறும். பந்தயக்காரனின் கணக்கெல்லாம் அங்கேதான் பிழைக்கும்.

சேற்றில் முதலில் மாற வேண்டியது டயர். நெல் வயலில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு ஏன் இரும்புக் கூட்டுச் சக்கரம் மாட்டுகிறார்கள்? சட்டங்களுக்கு நடுவே நிறைய இடைவெளி இருப்பதால் சேறு சிக்காமல் விழுந்துவிடும், அடுத்த சட்டம் புதிதாக மண்ணைப் பிடிக்கும். சேற்று டயரிலும் இதே ஏற்பாடுதான். கட்டைகள் உயரமாக, தள்ளித் தள்ளி இருக்கும். காற்றையும் 12, 13 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைப்பார்கள். அப்போது டயர் கொஞ்சம் சப்பி, மண்ணில் பரவலாகப் பதியும். ஆனால் காற்றுக் குறைந்த டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றினால் டியூப்பின் வால்வு பிய்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் ரிம் லொக் போடுகிறார்கள்.

அடுத்தது கை. புதிதாகச் சேற்றில் இறங்குகிறவர் வண்டி ஆட ஆட ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பார். அவர் இறுக்க இறுக்க வண்டி இன்னும் முரண்டு பிடிக்கும். பழகியவரைப் பாருங்கள். முழங்கால் இரண்டும் பெட்ரோல் டாங்கை அணைத்திருக்கும். உடம்பு சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். முழங்கைகள் தளர்ந்திருக்கும். ஒற்றை விரல் மட்டும் கிளட்ச் மேலே. வழக்கமாக இரண்டாம் கியரில் போகும் இடத்தில் மூன்றாம் கியரில் போவார். பின்சக்கரம் வெறுமனே சுற்றிக் குழி தோண்டாமல் இருக்க அதுதான் வழி. எக்சிலேட்டரைச் சீராகப் பிடித்திருப்பார். சட்டென்று விட்டால் முன்சக்கரம் புதையும், சட்டென்று முறுக்கினால் பின்பக்கம் விலகும். முன் பிரேக்கை மிக மிக மென்மையாகத்தான் தொடுவார், வளைவில் தொடவே மாட்டார்.

முன்னால் போன வண்டிகள் கிழித்துவிட்ட ஆழமான தடம்தான் பெரிய சோதனை. அதற்குள் இறங்கிய பிறகு வெளியே வரத் தெண்டித்தால் விழுவது நிச்சயம். தடத்தின் முடிவைப் பார்த்தபடி போனால் வண்டி தானாகவே வெளியே வரும். சக்கரத்தடியைக் குனிந்து பார்த்தால் அங்கேயே சாய வேண்டியதுதான். 2017இல் இங்கிலாந்தின் மட்டர்லி பேசினில் நாடுகளுக்கிடையிலான மோட்டோ குரொஸ் போட்டி மழையில் நடந்தபோது உலகின் முதல்தர வீரர்களே தடங்களில் விழுந்து எழும்பினார்கள். இதே வித்தை மணலிலும் உதவும். கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த பந்தய வீரர் ஹரித் நோவா இந்தியாவின் மோட்டோ குரொஸ் மைதானங்களில் வளர்ந்தவர். 2024 டக்கார் ரெலியில் ரெலி 2 பிரிவை வென்றார். அது பாலைவன மணல். ஆனாலும் மணலுக்கும் சேற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஓட்டத்தை அறுக்கக் கூடாது.

பழகுவதற்கு வேகம் வேண்டாம். ஈர மண்ணில் இரண்டு தகரங்களை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போடுங்கள். நின்று புறப்படப் பழகுங்கள். கால் ஊன்றாமல் எவ்வளவு மெதுவாகப் போக முடியும் என்று பாருங்கள். தலைக்கவசம், பூட்ஸ், முழங்கால் கவசம் இல்லாமல் இறங்க வேண்டாம், தனியாகவும் போக வேண்டாம்.

எங்கே பழகுவது? நம் பக்கத்தில் சேற்றுக்குப் பஞ்சமில்லை. அதற்காகக் கால்வாய்க் கரையிலோ பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலத்திலோ வண்டியை இறக்கக் கூடாது. அத்திடிய 1990 முதல் சரணாலயம். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற மதிப்புக் கிடைத்ததே இதுபோன்ற சதுப்பு நிலங்களால்தான். உரிமையாளரின் அனுமதியோடு தனியார் காணியிலோ, கழகங்கள் நடத்தும் பயிற்சி மைதானத்திலோ பழகுங்கள். போட்டி பார்க்கப் போகிறவர்களும் தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஃபொக்ஸ் ஹில்லில் போட்டிக் கார் ஒன்று பாதை விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு உயிர்கள் போனதை மறக்க முடியாது.

ஓடி முடிந்ததும் வண்டியில் பத்துக் கிலோவுக்கு மேல் சேறு அப்பியிருக்கலாம். ரேடியேட்டரை அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். கழுவும்போது சைலன்சர் வாயை அடைத்துவிடுங்கள். சக்கர பெயாரிங், எயார் ஃபில்டர் பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். செயினைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். இருக்கிற வண்டியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்: 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பழைய செரோ, டிஜெபல் மோட்டார் சைக்கிள்கள் ஓடுகிற ஊரில் பராமரிப்பைத் தள்ளிப்போடுவது கட்டாது.

வண்டியைக் கழுவியவர் தன்னையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டுச் சேற்றில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. 2008இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது தொற்றியதாகச் சந்தேகிக்கப்பட்டது. கிருமி காயத்தின் வழியே உடம்புக்குள் போகும். காயத்தோடு சேற்றில் இறங்காதீர்கள். இறங்கிய பிறகு வரும் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் கண்டால், பனடோல் போட்டுப் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், “சேற்றில் இறங்கினேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள். வைத்தியருக்கு அந்த ஒரு தகவல் மிகவும் பயன்படும்.

டர்ட் பைக்கே வேண்டாம் என்கிறவர்களுக்கும் இதில் பலன் உண்டு. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் கொழும்பின் காலி வீதியில் தூசும் எண்ணெயும் கரைந்து வழுக்கும். அந்த நேரம் பார்வையைத் தூரத்தில் வைத்து, கையைத் தளர்த்தி, இரண்டு பிரேக்கையும் பதமாகப் பிடியுங்கள். சேற்றில் பழகியவர் இதை யோசித்துச் செய்வதில்லை, அவருக்குக் கை பழகிவிட்டது. நமக்கும் அது பழக்கத்தால் வரக்கூடியதுதான்.