மலிவான சோதனை எது?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் முளைப்பதன்று. எச்.பி.வி. என்னும் வைரசு நீங்காது தங்கிய இடத்தில் உயிரணுக்கள் திரிந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேலாகின்றது. அதற்குள் கண்டால் தடுத்துவிடலாம். எந்தச் சோதனையால் காண்பது, அதற்கு என்ன செலவாகும் என்பதே இன்றைய பேச்சு.

மேல்நாடுகளில் நெடுங்காலம் வழங்கியது பாப் சோதனை. கருப்பை வாயிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, தேர்ந்தவர் நுண்பெருக்கியில் பார்த்தறிவர். தகட்டின் விலை சொற்பம். தேர்ந்த கண்கள் அவ்வளவு மலிவல்ல! சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாது திரும்பச் சோதித்ததனாலேயே அங்கே அது பலன் தந்தது.

மராட்டிய மாநிலத்து உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1999-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 30 முதல் 59 வயது வரையுள்ள 1,31,746 பெண்கள் நான்கு பிரிவாக்கப்பட்டனர். எச்.பி.வி. சோதனை ஒரே முறை என ஒதுக்கப்பட்ட 34,126 பேரில் எட்டாண்டுகளில் இந்நோயால் மாண்டவர் 34 பேர். எச்சோதனையும் நடத்தப்படாத பிரிவின் 31,488 பேரிலோ 64 பேர். பாப் பிரிவிலும், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்த பிரிவிலும் இறப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

ஆயினும் நமது திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், அதே அமில முறையைச் செவிலியர் கையாண்டு, இறப்பை 35 சதவீதம் குறைத்தனர். புண்பட்ட இடத்தை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே உடனுக்குடன் அளித்தனர். அம்முறை பார்ப்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தது என்பதை மறத்தலாகாது.

எச்.பி.வி. சோதனைக்கு விலை அதிகம். ஆனால் விலை வேறு, செலவு வேறு. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளுக்கு 2005-ல் வெளியான கணக்கொன்றில், பெண்ணின் வழிச்செலவும் இழந்த பொழுதின் மதிப்பும் சேர்க்கப்பட்டன. 35 வயதில் ஒருமுறை, ஓரிரு வருகையில் முடியும் எச்.பி.வி. அல்லது அமிலச் சோதனையே சிக்கனமென்று கண்டார்கள். மூன்று வருகை கோரும் பாப் முறையன்று. ஒவ்வொரு வருகையிலும் சிலர் நின்றுவிடுகின்றனர். நோய்க்குறி இருந்தும் சிகிச்சைக்கு வாராத பெண்ணுக்குச் செய்த சோதனை, எவ்வளவு மலிவாயினும் வீண்செலவே.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நடவும் அறுவடையும் நடக்கும் நாட்களில் முகாம் வைக்காதீர்கள். உறையவைக்கும் கருவி எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் இயங்குமென்று கேட்டெழுதிக்கொண்டு, அதன் பின்னரே முகாம் நாளைக் குறியுங்கள்.