கனவும் திரையும்



1924இல் பஸ்டர் கீட்டன் இயக்கி நடித்த மௌனப் படம் 'ஷெர்லாக் ஜூனியர்'. திரையரங்கில் படம் ஓட்டும் இளைஞன் எந்திரத்தின் அருகிலேயே உறங்கிவிடுகிறான். அவனுடைய கனவுரு எழுந்து நடந்து திரைக்குள் புகுகிறது. அங்கே அவன் அமரப்போகும் தோட்டத்து இருக்கை மறைகிறது, நடுத்தெருவில் விழுகிறான். காட்சி மாறும் விதியில் கனவும் திரையும் ஒன்றே.

விழித்த பின்னர் நிகழ்வதே பெரிது. தேடி வந்த காதலியிடம் நடந்துகொள்ளும் வகை அறியாது, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் நாயகனைப் பார்த்துப் பார்த்து அவள் கையில் முத்தமிடுகிறான், மோதிரம் அணிவிக்கிறான். மறுநொடி, திரையில் அந்த இணையர் குழந்தைகளோடு அமர்ந்திருக்கின்றனர். இளைஞன் திகைத்துத் தலையைச் சொறிகிறான்.

இடைப்பட்ட ஆண்டுகளைத் திரை தாண்டிவிட்டது. மனிதனோ அவற்றை நாள்தோறும் வாழ்ந்தே கடக்கவேண்டும். கனவுக்கும் நனவுக்கும் எல்லை அங்கேதான் இருக்கிறது.