கழுத்துக் கழலையும் இரத்தப் பரிசோதனையும்

(திருவொற்றியூரில் தொழிலாளர் கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



யான் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர், வைத்தியன் அல்லன். எனினும், இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள சங்கங்களின் கடன் மனுக்களைப் பார்வையிடுமிடத்து, வைத்தியச் செலவு என்னும் காரணம் அடிக்கடி காணப்படுகிறது. விசாரித்தால், கழுத்தில் கழலை கண்ட பிள்ளைக்கு மூன்று இடங்களில் இரத்தம் சோதித்த ரசீதுகள் வெளிவருகின்றன. நோய் இன்னதென்று மாத்திரம் தெரிந்தபாடில்லை.

கழுத்தின் இருபுறமும் நிணநீர்க் கிரந்திகள் உண்டு. தொண்டைப்புண், சொத்தைப்பல், தலைச்சிரங்கு இவற்றால் அவை வீங்கினால், பெரும்பாலும் இரண்டு வாரங்களில் வடியத் தொடங்கும். வடியாமல், அதிக வலியுமின்றி, ஒன்றோடொன்று ஒட்டி வளர்வதையே நம் முன்னோர் கண்டமாலை என்றனர். நம் தேசத்தில் அதற்கு முக்கிய காரணம் க்ஷயம். சிலரிடத்துப் புற்று நோயுமாகலாம்.

இரத்தப் பரிசோதனையால் பயனே இல்லையோவெனில், உண்டு. வெள்ளணுக்கள் மிகுந்து, அவற்றுள் நியூட்ரோபில் ஓங்கியிருப்பின் சீழ்க் கிருமிகளைச் சந்தேகிக்கலாம். முதிராத அணுக்கள் தென்பட்டால் இரத்தப் புற்று நோயைக் குறித்து உடனே ஆராய்தல் வேண்டும். ஈ.எஸ்.ஆர். என்பதோ, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் குழாயில் எவ்வளவு இறங்குகின்றன என அளப்பது. க்ஷயத்தில் அது அதிகரிக்கும். வேறு ஜுரங்களிலும், இரத்தக் குறைவிலும், கர்ப்பிணிகளிடத்தும் அதிகரிக்கும். க்ஷயமிருந்தும் சரியாகவே இருப்பதுமுண்டு. பேரேட்டில் வரவு மிகுந்திருப்பதைக் கண்டவுடன் பணம் யாரிடமிருந்து வந்ததென்று கூற இயலுமா? ரசீதைப் பார்த்தாக வேண்டும்.

அந்த ரசீது கழலைக்குள் இருக்கிறது. மெல்லிய ஊசியால் சிறிது எடுத்து, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். சில நிமிஷ வேலை. அதிலேயே ஒரு பகுதியை ஜீன் எக்ஸ்பர்ட் யந்திரத்திலிட்டால், க்ஷயக் கிருமி உண்டா, ரிபாம்பிசின் மருந்துக்கு அடங்குமா என்பது சுமார் இரண்டு மணி நேரத்தில் தெரியும். ஊசியிலும் புலப்படாவிடில் கிரந்தியையே எடுத்துச் சோதிக்க நேரிடும். இதற்கெல்லாம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி நமக்குத் தொலைவிலில்லை. நாட்டுக் கத்தியால் கீறிவிடுவது மாத்திரம் வேண்டாம். ஆறாப் புண்ணாகிப் பல மாதம் ஒழுகும்.

இரத்தத்திலேயே க்ஷயத்தைக் காட்டுவதாக விற்கப்பட்ட எதிர்ப்பொருட் சோதனைகளை இந்திய அரசாங்கம் 2012-ம் வருஷம் ஜூன் மாதத்தில் தடை செய்தது. அவை நோயுள்ளவனை இல்லாதவனென்றும், இல்லாதவனை உள்ளவனென்றும் காட்டின. அதற்காகவும் கடன் பட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

க்ஷயமென நிச்சயமான பின் சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் சோதிப்பார்கள், அதை மறுக்கலாகாது. மருந்து சர்க்கார் வைத்தியசாலைகளில் இனாம். பொதுவாக ஆறு மாதம். வீட்டிலிருந்தே உண்ணலாம். நுரையீரல் க்ஷயத்திற்கு வீட்டுச் சிகிச்சையும் சானடோரியத்துக்கு ஒப்பானதே என்று, 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் நம் பட்டணத்து ஏழை நோயாளிகளைக் கொண்டே கண்டு, 1959-ல் வெளியிட்டது. மருந்துண்ணும்போதே கழலை சில வேளை முன்னிலும் பருக்கும். டாக்டரிடம் காட்டுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

போஷாக்குக்காக மாதம் 1,000 ரூபாய் வீதம் 2024 நவம்பர் முதல் நோயாளியின் பாங்கிக் கணக்கிற்கு அனுப்ப ஏற்பாடாகியுள்ளது. கணக்கில்லாதவர்கள் மனுவைப் பூர்த்தி செய்ய, சங்கக் காரியதரிசியை மாலை வேளையில் காணலாம்.