தூண்டிலும் பூச்சிமருந்தும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக நாற்றங்கால், மேலுரம், களை என்று பேசுகிற நான், இன்று தூண்டில் போடுவதைப் பற்றிப் பேசப் போகிறேன். வேலையற்ற பேச்சு என்று ரேடியோவை மூடிவிடாதீர்கள். கடைசியில் வயலுக்குத்தான் வந்து சேருவேன்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவிலே ஸ்ரீரங்கம் தீவு. மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்துவிட்டால் போதும், கரையில் பெரியவர்களும் பிள்ளைகளும் மூங்கில் கழியோடு உட்கார்ந்துவிடுவார்கள். மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போட்டால் கெண்டையோ கெளுத்தியோ ஜிலேபியோ மாட்டும். விரால் வேண்டுமானால் சின்னத் தவளை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தீவுக்குள் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். அவர் தக்கையே கட்டமாட்டார். கரைக்கு வந்ததும் தூண்டிலையும் வீசமாட்டார். ஒரு பீடி குடித்து முடிகிற நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். வரப்பிலிருந்து வெட்டுக்கிளி தாவித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தால், ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து முள்ளில் குத்தி மேலாக மிதக்கவிடுவார். மழை பெய்து ஈசல் பறக்கிற சாயங்காலமாக இருந்தால் ஈசல்தான். சளக்கென்று கெண்டை வந்து கவ்வும். ஏன் மண்புழு போடவில்லை என்று கேட்டேன். "அது இப்ப எதைத் தின்னுதோ அதைத்தான் தம்பி குடுக்கணும். நம்மகிட்ட இருக்கிறதைக் குடுத்தா அது ஏன் வரும்?" என்றார்.

படிக்காத அந்தப் பெரியவர் செய்ததைத்தான் மேல்நாட்டில் 'ஃபிளை ஃபிஷிங்' என்று ஒரு பெரிய கலையாக வைத்திருக்கிறார்கள். தண்ணீர்மேல் எந்தப் பூச்சி பறக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அதே அளவில், அதே நிறத்தில், இறகாலும் நூலாலும் முள்மேல் ஒரு பொய்ப்பூச்சி கட்டுவார்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இறகுப்பூச்சிக்குக் கனமே கிடையாது. ஆகவே கயிற்றையே கனமாகச் செய்து, சாட்டை வீசுவதுபோல முன்னும் பின்னும் வீசி, பூச்சி தானாக வந்து உட்கார்ந்ததுபோல இறக்குவார்கள்.

இதெல்லாம் நமக்கு அந்நியம் என்று எண்ண வேண்டாம். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ் என்பவர், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-லும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி 1887-லும் புத்தகம் எழுதினார். 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் மீனைக் கொண்டுவர முயன்றார், நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் முயற்சியில் அது அங்கே நிலைத்தது. அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகமும் வந்தது. குளிர்ந்த தண்ணீர் மீனாகையால் நம் காவிரியில் அது பிழைக்காது. ஆனால் நம் பக்கத்துக் காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்கு, பூச்சி கட்டுகிறவர்களிடம் உலகமெங்கும் மதிப்பு உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அந்தப் பறவை பாதுகாக்கப்பட்டது. அதைத் தொடக்கூடாது.

நம் வீட்டுச் சேவல் இறகே போதும். சின்ன முள்ளில் கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள். கழுத்திலிருந்து உதிர்ந்த ஒடுக்கமான இறகின் அடியை அதில் கட்டி, இறகை நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். லேசாக மெழுகு தடவினால் மிதக்கும். முள்ளின் எதிர்ப்பல்லைக் குறட்டால் அமுக்கிவிட்டால், குஞ்சு மீனையும் சினை மீனையும் அதிகக் காயமில்லாமல் திரும்ப விடலாம். குத்தகைக் குளமானால் குத்தகைதாரரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். கொள்ளிடத்து மணல் குழிகளில் ஆழம் தெரியாது. பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள்.

இனி வயலுக்கு வருகிறேன். அந்தப் பெரியவரின் ஊரில் நான் ஒருநாள் மருந்து தெளித்துக் காட்டினேன். வேலை முடிந்ததும் தெளிப்பானை வாய்க்காலில் கழுவினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தடுக்கவில்லை. மறுநாள் காலை போனால், மதகுக்குக் கீழே கெண்டைக் குஞ்சுகள் வயிறு வெளுத்து மிதந்தன. பெரியவர் கழியோடு நின்றார். "தம்பி, நேத்து அந்த டப்பாவை எங்கே கழுவுனீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதிலில்லை. அன்று அவர் தூண்டில் போடாமலே வீட்டுக்குப் போனார்.

விஞ்ஞானம் படித்தவன் நான். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் துளியளவிலேயே மீனைக் கொல்லும் என்று பாடத்தில் படித்தவன். நெல்லில் அவை புகையானைப் பெருக்கிவிடும் என்பதும் தெரிந்தவன். ஆனால் எனக்கு இல்லாத ஒன்று அந்தப் பெரியவருக்கு இருந்தது. அவர் பார்த்துவிட்டுத்தான் போடுவார்.

நீங்களும் பார்த்துவிட்டுத் தெளியுங்கள். நாற்பது குத்துகளையாவது விலக்கி, தூரில் எண்ணுங்கள். தூருக்கு ஒரு புகையான் வரை பொறுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தி உங்களுக்காக வேலை செய்கிறது. அளவைத் தாண்டினால் மட்டும் மருந்து; அதுவும் உங்கள் அலுவலரைக் கேட்டு. தெளித்த வயலின் தண்ணீரை உடனே வடித்து வாய்க்காலில் விடாதீர்கள். தெளிப்பானை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவாதீர்கள். கழுவிய தண்ணீரை நீர்நிலைக்குத் தள்ளித் தரிசு நிலத்தில் ஊற்றுங்கள். கீழ்மடையில் மாடு குடிக்கிறது, பிள்ளைகள் குளிக்கிறார்கள். நஞ்சு கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மீன் பிடிக்கும் எண்ணமே இல்லாமல் நாம் நஞ்சு கலந்தாலும் மீன் சாகத்தான் செய்யும்.

அடுத்த முறை ஈசல் பறக்கிற சாயங்காலம், மருந்தடிக்காத வாய்க்கால் கரையில் பேரப்பிள்ளையோடு போய் உட்காருங்கள். தூண்டில் போடுமுன் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பாருங்கள். மறுநாள் காலை வயலையும் அதே கண்ணால் பாருங்கள்.