இளவரசர் கொடுத்த இடம்



மஸ்ஜித் இந்தியாவுக்கு வரும் வழியில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானைக் கடந்திருப்பீர்கள். அந்தச் சாலை மலேசியாவின் முதல் பிரதமரின் பெயரைத் தாங்கியது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது முதல் மாமன்னரின் பெயர். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், கெடா சுல்தானின் மகன். 1903இல் அலோர் ஸ்டாரில் பிறந்தவர்.

அரண்மனைப் பிள்ளைக்கும் தேர்வு இறங்கி வரவில்லை. கேம்பிரிட்ஜில் 1925இல் பட்டம் வாங்கியவர் வழக்கறிஞரானது 1949இல்தான். இரண்டாம் முறை எழுதித் தேறிய பட்டதாரிகள் இங்கே இருந்தால் தலை நிமிர்ந்து உட்காருங்கள். வழக்கறிஞரான இரண்டே ஆண்டில் துங்கு, மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவின் தலைவர்.

அவர் வாழ்வில் நான் பெரிதாக மதிப்பது 1955 தேர்தல். வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். தொகுதிகளில் பெரும்பாலானவற்றைத் தம் கட்சிக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கட்சிக்குள் நெருக்கினார்கள். துங்கு இணங்கவில்லை. 52 இடங்களில் 15ஐச் சீனர்களின் கட்சியான மசீசவுக்கும் 2ஐ இந்தியர்களின் கட்சியான மஇகாவுக்கும் விட்டுக் கொடுத்தார். மூன்று கட்சிகளின் கூட்டணி 51 இடங்களில் வென்றது. மஇகாவின் தலைவரான நம் சம்பந்தன் அமைச்சரானார்.

விடுதலை நாளான 1957 ஆகஸ்ட் 31 முதல் இங்கே பிறக்கும் குழந்தை குடிமகன் என்றது அன்றைய அரசியலமைப்பு. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தோட்டத் தொழிலாளிக்குப் படிவம் நிரப்பித் தர ஆள் ஏது? துங்குவின் ஆட்சியிலேயே, 1969இல், குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. பல குடும்பங்கள் பால்மரக் காட்டை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறின. அவர் மீது எனக்குள்ள மரியாதை இதைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணமாகாது. அதே ஆண்டு மே 13 இனக் கலவரம் அவரை உலுக்கியது. 1970 செப்டம்பரில் பதவி விலகினார்.

இன்றும் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், அவரைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போங்கள். படிவத்தை உங்கள் கையால் நிரப்பிக் கொடுங்கள்.